முதலில் பெட்ரோல், பிறகு ஹெட்

டியூன் செய்த பழைய ஸ்கூட்டரை டெலிவரி எடுக்க வரும் கஸ்டமர், சாவியைக் கையில் வாங்கியதும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு எந்த பெட்ரோல் போடணும்?"

"பிரீமியம் போடுங்க சார், சேஃப்" என்று சொன்னீர்கள் என்றால், அந்தத் தெருவில் இருக்கும் மற்ற எல்லா மெக்கானிக்குகளோடும் சேர்ந்து ஒரே வரிசையில் நின்றுவிட்டீர்கள். அந்த வரிசையில் நிற்பவருக்கு லேபர் ரேட் ஏறாது. "உங்க இன்ஜினுக்கு 95 போதும், அதுக்குத்தான் ஹெட் வெட்டியிருக்கேன், அதுக்குத்தான் ஜெட் போட்டிருக்கேன், இதோ ஷீட்" என்று நீட்டுபவருக்கு ஏறும். இந்தக் கட்டுரை இரண்டாவது ஆளாக ஆக நினைப்பவர்களுக்கு.

மார்க்கெட் இருக்கிறதா என்று சந்தேகம் வேண்டாம். இத்தாலியின் இன்னோசென்டி கம்பெனியிடமிருந்து லாம்ப்ரெட்டாவின் தயாரிப்புக் கருவிகளை 1972-ல் இந்தியா வாங்கியது. லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம் விஜய் சூப்பரையும் ஜிபி 150-ஐயும் பல்லாண்டுகள் தயாரித்தது. பஜாஜ் சேட்டக்கும் எல்எம்எல் வெஸ்பாவும் வீட்டுக்கு வீடு நின்றன. அப்பா ஓட்டிய வண்டியை இன்று மகனும் மகளும் ரெஸ்டோர் செய்கிறார்கள். அதில் ஒரு பகுதியினருக்கு பெயின்ட்டும் குரோமும் போதவில்லை, புல்லிங்கும் வேண்டும். பெரிய போர் கிட், போர்ட்டிங், எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று செலவு செய்யத் தயாராக வருகிறார்கள். டூ-ஸ்ட்ரோக் தெரிந்த பழைய கைகளோ குறைந்துகொண்டே போகின்றன. இடம் காலியாக இருக்கிறது. அதைப் பிடிக்கத் தேவையான விஷயங்களில் பெட்ரோல் அறிவுதான் மிகக் குறைந்த செலவில் கிடைப்பது. ஆனாலும் பெரும்பாலோர் அதைக் கற்றுக்கொள்வதில்லை.

1. ஆக்டேன் என்றால் என்னவென்று ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும்

நல்ல ஒர்க்‌ஷாப் ஓனர் இன்டர்வியூவில் இதைத்தான் முதலில் கேட்பார்: "ஆக்டேன் கூடினா பவர் கூடுமா?" கூடாது. ஆக்டேன் எண் என்பது, அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. தாங்குகிற பெட்ரோல் இருந்தால் கம்ப்ரஷனை ஏற்றலாம், டைமிங்கை அட்வான்ஸ் வைக்கலாம், அதனால் பவர் வரும். எதையும் மாற்றாத ஸ்டாக் சேட்டக்கில் 100 ஆக்டேன் ஊற்றினால் பங்க்காரருக்குத்தான் லாபம்.

அடுத்த கேள்வி கொஞ்சம் தந்திரமானது. யூடியூபில் அமெரிக்க டியூனர் "91 போடு" என்கிறார். நம் ஊர் 91-உம் அதுவும் ஒன்றா? இல்லை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் எழுதுவது ரான் (ரிசர்ச் ஆக்டேன் நம்பர்) கணக்கு. அமெரிக்க பம்ப்பில் எழுதியிருப்பது ரான், மான் (மோட்டார் ஆக்டேன் நம்பர்) இரண்டின் சராசரி. அவர்களுடைய 91 நம் கணக்கில் சுமார் 95 அல்லது 96 ஆகும். இது தெரியாமல் அமெரிக்க ரெசிபியைப் பார்த்து ஹெட் வெட்டி, பிஸ்டனை இழப்பவர்கள் உண்டு. நீங்கள் அந்தப் பட்டியலில் சேர வேண்டாம்.

2. கொட்டேஷனுக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்

வண்டி எங்கே ஓடும்? எந்த பங்க்கில் நிரப்புவார்? எத்தனை நாளைக்கு ஒருமுறை ஓட்டுவார்? இந்த மூன்றுக்கும் பதில் வாங்காமல் ஹெட்டை லேத்துக்கு அனுப்பாதீர்கள்.

பல டியூனர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கம்ப்ரஷனை ஏற்றிவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற பெட்ரோலைத் தேடுகிறார்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு 97, எச்.பி.யின் பவர் 99 எல்லாம் நல்ல எரிபொருள்தான். ஆனால் தேர்ந்தெடுத்த நகரங்களில், தேர்ந்தெடுத்த பங்க்குகளில்தான் கிடைக்கும். சென்னையில் 99-க்கு டியூன் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு கஸ்டமர் ஏலகிரிக்கு ரைடு போகிறார். வழியில் டேங்க் காலியாகிறது. கிடைப்பது ரெகுலர். ஊற்றுகிறார், ஏற்றத்தில் முறுக்குகிறார், பிஸ்டன் போகிறது. பங்க்கை யாரும் குறை சொல்லப்போவதில்லை, உங்களைத்தான் சொல்வார்கள். கஸ்டமர் போகும் பாதையில் கிடைக்கும் மிக மோசமான பெட்ரோலை அடிப்படையாக வைத்து இன்ஜினைக் கட்டுங்கள். இதனால் உச்சத்தில் கொஞ்சம் பவர் குறையும். அதைக் கொட்டேஷனிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்க்கடைக்காரர் "நான் இன்னும் புல்லிங் தர்றேன்" என்பார். தரட்டும். அந்த வண்டி பிஸ்டன் மாற்றத் திரும்ப வரும்போது உங்கள் கடையைத் தேடித்தான் வரும்.

3. கம்ப்ரஷனைக் காதால் கேட்காதீர்கள், அளந்து எழுதுங்கள்

கிக்கரை அழுத்திப் பார்த்து "நல்ல கம்ப்ரஷன்" என்று சொல்லும் காலம் முடிந்தது. ஒரு 25 மிலி பியூரெட், கொஞ்சம் மெல்லிய ஆயில், வெர்னியர் போதும். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக ஆயில் விட்டு, கடைசி மரை வரை எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். அதுதான் ஹெட் வால்யூம்.

லாம்ப்ரெட்டா 150-ன் போர் 57, ஸ்ட்ரோக் 58 மி.மீ. கொள்ளளவு 148 சிசி. ஹெட் வால்யூம் 23 சிசி இருந்தால் கம்ப்ரஷன் 7.4. அந்த போரில் ஹெட்டை 1 மி.மீ. இறக்கினால் ஏறக்குறைய 2.5 சிசி குறையும், கம்ப்ரஷன் 8.2 ஆகும். இன்னொரு மி.மீ. இறக்கினால் 9.3. "கொஞ்சம் மில்லிங் பண்ணேன்" என்று சாதாரணமாகச் சொல்வதன் விலை இதுதான். ஒவ்வொரு மில்லிமீட்டரும் கிட்டத்தட்ட ஒரு முழு எண்ணைத் தள்ளுகிறது.

காற்றால் குளிரும் ஸ்கூட்டர் இன்ஜினுக்கு, முழு ஸ்ட்ரோக் கணக்கில் 9 முதல் 10 வரை நல்ல 95-ல் ஓட்டலாம் என்பது என் நிலை, டைமிங்கும் ஸ்குவிஷும் (பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையிலான இடைவெளி) ஒழுங்காக இருந்தால். 11-ஐத் தாண்டினால் 97-க்குக் கீழே பேச்சே எடுக்காதீர்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்குகிறது. ஜப்பானிய கம்பெனிகள் அந்தக் கணக்கில்தான் மேனுவலில் எழுதுகின்றன. அதனால் அவர்கள் எண்கள் சிறியதாகத் தெரியும். போர்ட்டை உயர்த்திய இன்ஜின் குறைந்த ஆர்பிஎம்-ல் சாதுவாக இருக்கும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் வேலை செய்யத் தொடங்கும் ஆர்பிஎம்-ல், அது வெளியேறப்போன கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள் தள்ளும். அங்கேதான் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும். ஆகவே கடை வாசலில் ஐடிலில் வைத்து டெஸ்ட் பண்ணிவிட்டு "ஓகே" சொல்ல முடியாது.

ஸ்குவிஷையும் சேர்த்து அளந்துவிடுங்கள். பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை சிலிண்டர் சுவர் வரை நீட்டி, ஃப்ளைவீலைச் சுற்றி நசுக்கி, நசுங்கிய முனையின் தடிமனைப் பாருங்கள். 1 முதல் 1.5 மி.மீ.க்குள் இருந்தால், ஓரத்தில் தங்கும் கலவை நடுவுக்குத் துரத்தப்படும். 2-ஐத் தாண்டினால் அந்த ஓரத்துக் கலவை தானாக வெடிக்கக் காத்திருக்கிறது என்று பொருள். ஸ்குவிஷைச் சரிசெய்தால் பெட்ரோலின் தரத்தை உயர்த்தாமலேயே நாக்கிங் குறையும்.

4. டைமிங்

காசே செலவில்லாத ஆக்டேன் இதுதான். பழைய பாயின்ட் செட் வண்டிகளில் ஆர்பிஎம் ஏறினாலும் டைமிங் மாறாது. ஸ்டாக் செட்டிங்கிலேயே கம்ப்ரஷனை ஏற்றினால் இன்ஜின் நிச்சயம் தட்டும். டியூன் செய்த லாம்ப்ரெட்டாக்களில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டு 17 முதல் 19 டிகிரிக்குள் வைப்பது வழக்கம். இரண்டு டிகிரி பின்னால் இழுத்தால் இன்ஜின் கேட்கும் ஆக்டேன் குறைகிறது. டிகிரி டிஸ்க், ஸ்ட்ரோப் லைட் இரண்டையும் சொந்தமாக வாங்குங்கள். ஸ்டேட்டர் பிளேட்டில் இருக்கும் பழைய கோட்டை நம்பாதீர்கள், பலர் கைபட்ட வண்டி அது.

5. எத்தனால்: இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். உங்கள் சம்பளம் இந்தப் பகுதியில் இருக்கிறது.

2023-ல், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கி, 2025-க்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. இ20-க்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 17021 குறைந்தபட்சம் 95 ரான் கேட்கிறது. பழைய ரெகுலருக்கு 91. எத்தனாலின் ரான் 108-ஐ ஒட்டி இருப்பதால் கலப்பு ஏற ஏற ஆக்டேனும் ஏறுகிறது. "அப்போ டியூன் வண்டிக்கு நல்லதுதானே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நாக்கிங்குக்கு நல்லது. ஆனால் கலவையை லீன் ஆக்கும், அந்த வகையில் ரொம்பக் கெட்டது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இ20 கலவைக்கு ஏறக்குறைய 13.5. அதாவது, அதே காற்றுக்கு இ20-ஐ சுமார் 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். இந்தக் காலத்து எஃப்.ஐ. வண்டிகளில் சென்சார் அதைப் பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. பழைய ஜெட்டே இருந்தால் கலவை சுமார் 9 சதவீதம் லீன். ஸ்டாக் வண்டி அதைத் தாங்கிக்கொள்ளும். விளிம்பில் ஓடும் டியூன் வண்டி சூடேறி சீஸ் ஆகும்.

ஜெட் கணக்கு எளிது. டெல்லோர்ட்டோ ஜெட்டில் எழுதியிருக்கும் எண், துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. பாய்வு துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 9 சதவீதம் கூட வேண்டுமானால் விட்டம் சுமார் நாலரை சதவீதம் கூட வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலில் 120 சரியாக இருந்த வண்டிக்கு 125-லிருந்து டெஸ்டைத் தொடங்குங்கள். 10 சதவீதக் கலப்பில் செட் பண்ணியிருந்தால் 122. மெயின் ஜெட்டோடு நிறுத்தாமல் பைலட்டையும் நீடிலையும் பாருங்கள். ஊருக்குள் ஓடும் வண்டி பெரும்பாலும் கால் திராட்டிலிலும் அரைத் திராட்டிலிலும்தான் இருக்கிறது.

டூ-டி ஆயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். "பாதுகாப்புக்கு" என்று கஸ்டமர் ஆயிலை 3 சதவீதத்திலிருந்து 5-க்கு ஏற்றினால், அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது. கலவை இன்னும் லீன். எந்த ஆயில், எத்தனை சதவீதம் என்பதை நீங்களே நிர்ணயித்து எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், டேங்க்குக்குள் தண்ணீர் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். டூ-ஸ்ட்ரோக்குக்கு இது மிகவும் ஆபத்து, ஏனென்றால் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேப்பைத் திறந்தால் முதலில் கார்புரேட்டருக்குப் போவது ஆயிலே இல்லாத அடித்தண்ணீர். அதோடு, எத்தனாலை இழந்த மேல் பெட்ரோலின் ஆக்டேனும் இறங்கியிருக்கும். மாதம் ஒருமுறை ஓட்டும் கஸ்டமருக்கு நீங்கள் தர வேண்டிய அறிவுரை: ஓட்டுகிற அளவுக்கு மட்டும் நிரப்புங்கள், நிறுத்தி வைப்பதென்றால் டேங்க்கையும் ஃப்ளோட் சேம்பரையும் வடித்துவிடுங்கள்.

ரப்பர் சாமான்களையும் கொட்டேஷனில் சேருங்கள். பழைய பெட்ரோல் டியூப், டேப் வாஷர், நீடில் நுனி, சாதாரண ஆயில் சீல் எல்லாம் இ20-ல் உப்பும், இறுகும், விரிசல் விடும். கிராங்க் ஆயில் சீல் விட்டால் இன்ஜின் காற்றை இழுத்து மறுபடியும் லீன் ஆகும். நீங்கள் ஜெட்டை மாற்றி மாற்றிக் களைத்துப்போவீர்கள். விட்டான் சீல் விலை அதிகம்தான். டியூன் வேலையில் அதை ஆப்ஷனலாக வைக்காதீர்கள், கட்டாயமாக வையுங்கள்.

பங்க்கில் என்ன சொன்னாலும், எத்தனால் எவ்வளவு என்பதை நீங்களே சோதிக்கலாம். 100 மிலி அளவு ஜாடியில் 10 மிலி தண்ணீர், 90 மிலி பெட்ரோல். மூடிக் குலுக்கி, தெளிய விடுங்கள். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேரும். கீழ் அடுக்கு 10-லிருந்து 28 வரை ஏறினால் அது இ20. திறந்தவெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். கஸ்டமர் முன்னால் இதை ஒருமுறை செய்து காட்டிப் பாருங்கள். விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட இது நல்ல முதலீடு.

6. இன்ஜின் தரும் வாக்குமூலத்தைப் படியுங்கள்

ஸ்கூட்டரில் கூலிங் ஃபேன் சத்தத்துக்கு நடுவே நாக்கிங் காதில் விழாது. பிளக்தான் சாட்சி. நான்காவது கியரில், ஏற்றத்தில், முழு திராட்டிலில் ஓட்டி, கிளட்ச் பிடித்து இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி போலவோ வெள்ளிப் பொட்டுகளாகவோ துகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் அலுமினியம் பறக்கத் தொடங்கிவிட்டது. ஹெட்டைக் கழற்றினால் ஸ்குவிஷ் ஓரத்தில் மணல் வீசியதுபோல் குழிகள் தெரியும். அது ஆக்டேன் போதாததன் அடையாளம். பிஸ்டன் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் பிளக்கின் ஹீட் ரேஞ்சையும் சூட்டையும் சந்தேகியுங்கள். பக்கவாட்டில் கோடு கோடாக உராய்ந்திருந்தால் லீன், அல்லது ஆயில் பற்றாக்குறை. ஒவ்வொரு வேலையிலும் இவற்றை மொபைலில் குளோஸ்-அப் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். வேலை கேட்டுப் போகும்போது அனுபவச் சான்றிதழைவிட இந்த ஆல்பம் அதிகம் பேசும்.

மலைக்குப் போகும் கஸ்டமர் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்று சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. அங்கே இன்ஜின் குறைந்த ஆக்டேனிலும் தட்டாது, கலவையும் ரிச்சாகும், புகையும். உள்ளூர் மெக்கானிக் சின்ன ஜெட் போட்டுக் கொடுப்பார், வண்டி பறக்கும். அதே ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளியில் மே மாத வெயிலில் முறுக்கினால் சீஸ்தான். "மலையில் ஜெட்டைத் தொடாதீங்க சார், புகைஞ்சா புகையட்டும்" என்று டெலிவரி அன்றே சொல்லிவிடுங்கள்.

7. கஸ்டமர் கேட்பார் என்பதற்காகத் தலையாட்டாதீர்கள்

"பழைய வண்டி, லெட் அடிடிவ் போடணும்ல?" இந்தியாவில் லெட் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டு தொடக்கத்தோடு முடிந்தது. லெட் பாதுகாத்தது ஃபோர்-ஸ்ட்ரோக்கின் வால்வு சீட்டை. உங்கள் டூ-ஸ்ட்ரோக்கில் அப்படிப்பட்ட வால்வு கிடையாது. ஆக்டேனை ஏற்ற அன்று லெட் உதவியது உண்மை, இன்று அந்த வேலைக்கு நல்ல பெட்ரோல் இருக்கிறது. தேவையில்லாத பாட்டிலை விற்று சில நூறு சம்பாதிப்பதைவிட, "வேண்டாம்" என்று சொல்லி அவரை அடுத்த பத்து வருஷத்துக்கு வைத்துக்கொள்வது லாபம்.

"தின்னர் கலந்தா ஆக்டேன் ஏறுமாமே?" கடைத் தின்னரில் என்னென்ன இருக்கிறது என்று டின்னில் எழுதியிருக்காது. சீலைத் தின்னும், பெயின்ட்டை எடுக்கும், ஒவ்வொரு டின்னுக்கும் கலவை மாறும். டியூன் செய்த இன்ஜினுக்கு நிலையான பெட்ரோல்தான் உயிர். விமான பெட்ரோலில் இன்னும் லெட் இருக்கிறது, சாலை வண்டிக்கு உரியது அல்ல. இரண்டுக்கும் பதில் ஒன்றே: வேண்டாம்.

8. பங்க்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்

பிரீமியம் என்ற பெயரைவிட, அது எவ்வளவு வேகமாக விற்கிறது என்பது முக்கியம். விற்பனை மந்தமான பங்க்கில் விலை உயர்ந்த பெட்ரோல் நிலத்தடித் தொட்டியில் நாள்கணக்கில் கிடக்கும், லேசாக ஆவியாகும் பகுதி குறையும். கூட்டம் நிற்கும் பங்க்கின் ரெகுலர் அதைவிட நல்லதாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கொடுக்க வேண்டியது பங்க்கின் கடமை. ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். டென்சிட்டியையும் அளந்து காட்டச் சொல்லலாம். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் ஆக்டேன் விழும், கறை நிற்கும். உங்கள் ஏரியாவில் நம்பத்தக்க இரண்டு மூன்று பங்க்குகளின் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். கஸ்டமருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

9. எழுதிக் கொடுங்கள், பில் போடுங்கள்

ஒரு பக்க ஷீட் போதும். கம்ப்ரஷன், ஸ்குவிஷ், டைமிங், மெயின் ஜெட், பைலட், பிளக் எண், ஆயில் சதவீதம், குறைந்தபட்ச ரான், எந்த எத்தனால் அளவில் செட் செய்தது, தேதி. ஒரு காப்பி கஸ்டமருக்கு, ஒன்று உங்கள் ஃபைலுக்கு. குறைந்தபட்ச ரானையும் ஆயில் சதவீதத்தையும் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கராக ஒட்டுங்கள். தகராறு வந்தால் இந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும். தகராறு வராவிட்டால் அவர் நண்பர்களிடம் இதைக் காட்டிக்கொண்டு திரிவார், அடுத்த வேலை அங்கிருந்து வரும்.

பெட்ரோல் செட்டிங்கை இலவச சர்வீஸாகக் கொடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைக்காதீர்கள். ஜெட் செட் உங்கள் காசு, டெஸ்ட் ரைடு உங்கள் நேரம். "ஃபியூவல் செட்டிங்" என்று தனி வரியாகக் கொட்டேஷனில் போடுங்கள். 500 கிலோமீட்டரில் ஒரு செக்-அப்பை அதிலேயே சேர்த்துவிடுங்கள்: பிளக் படிப்பது, பிளக் துளை வழியாக மொபைல் கேமரா ஒயரை விட்டு பிஸ்டன் தலையைப் பார்ப்பது, டேங்க் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று வடித்துப் பார்ப்பது. எல்லாம் சரி என்றால் ஷீட்டில் தேதி போட்டு கஸ்டமரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் இதற்கிடையில் வேறு பெட்ரோலுக்கு மாறியிருந்தால் ஜெட் மாற்ற வேண்டிவரும். அந்த லேபருக்குத் தனி பில்.